சுருளில் மிச்சமிருந்த வெடி

நீங்க கையைத் தூக்கியிருக்கக் கூடாது சார்.

வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே குறை சொல்கிறாளே என்று நினைக்காதீங்க. கேட்டைத் திறந்தீங்க. என் மகள் ஓடிவந்து விரலை நீட்டி, "கையத் தூக்கு" என்றாள். நீங்களும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினீங்க. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பால் ஊற்றுகிற பழனாத்தாள் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தூக்குகிறாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் சிலிண்டரை உருட்டுவதை நிறுத்திவிட்டுத் தூக்குகிறார். அவளுடைய அப்பா ஷேவிங் சோப்பு முகத்தோடு வந்து தூக்குகிறார். நான் மட்டும்தான் தூக்குவதில்லை. இந்த வீட்டில் ஒருத்தியாவது தூக்காமல் இருக்க வேண்டும் சார். ஏன் என்று சொல்கிறேன். முதலில் உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதில் உட்காருங்க. காபியா, டீயா? இரண்டும் வேண்டாமா? பெங்களூர்க்காரர்கள் எல்லோருமே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வீங்க. வைக்கிறேன், பால் அடுப்பில்தான் இருக்கிறது.

அவர் ஷிப்ட் முடிந்து வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. சிக்னல் டிபார்ட்மெண்ட், தெரியுமே உங்களுக்கு. மத்தியான ரயிலில்தான் நீங்க வருவீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். காலை ரயிலுக்கே வந்துவிட்டீங்க. நல்லதாகப் போயிற்று. கடவுளாகப் பார்த்து அனுப்பினார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆதிரை, அந்த மேஜைக்கு அடியில் என்ன பண்ற? சரி, அங்கேயே விளையாடு. நீங்க பேசுங்க சார், அவள் இருந்தால் பரவாயில்லை. அவளுக்கு இப்போதுதான் நாலு முடிந்தது. பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டால் அவள் உலகமே வேறு. நாம் பேசுவது அவள் காதில் விழாது.

உங்கள் குரல் எனக்கு நல்ல பழக்கம் சார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசுவீங்களே இரண்டு பேரும். "சுத்தியல்ல கரி இருக்கா? சிலிண்டர் சுத்துதா? குழல்ல வெள்ளி உரிஞ்சிருக்கா?" பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க வீட்டுக்காரரு மேல கேசு கீசு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டார். பொம்மைத் துப்பாக்கிங்க அக்கா, அவர் சேகரிக்கிறார் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், துப்பாக்கி நிஜமாக இருந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். மீசை வைத்த ஆம்பிளை, ரயில்வேயில் வேலை, பொம்மைத் துப்பாக்கியா!

இதுதான் அலமாரி. என் கல்யாணத்துக்கு எங்கப்பா செய்து கொடுத்தது, பட்டுப்புடவை வைக்க. புடவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் கிடக்கிறது. இங்கே கண்ணாடிக்குப் பின்னால் வெல்வெட் துணியில் இதுகள் படுத்திருக்கின்றன. மாத்திரை டப்பாவுக்குள் சின்னப் பொட்டலம் வருமே, ஈரத்தை உறிஞ்சுவதற்கு, அதையெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வந்து ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் வைக்கிறார். வெள்ளைக் காட்டன் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு விசையில் விடுவார். என் மகளுக்குக் காது குடைய அந்தக் குச்சி ஒன்று கேட்டால் வீட்டில் இருக்காது.

நான் குறை சொல்லவில்லை சார். குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா? இல்லை. தீபாவளிக்கு நாம் வாங்குகிற தகரத் துப்பாக்கி என்றால் எனக்குப் பிடித்திருக்காது, ஆனால் இதுகள் அழகுதான். கௌபாய்த் துப்பாக்கி. நீளக் குழல், வெள்ளைக் கைப்பிடியில் குதிரைத் தலை, ஒன்றில் மாட்டுத் தலை. தோல் உறையில் நட்சத்திரம். எல்லாம் இந்த ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீட்டிலிருந்து வந்தவை. லண்டனிலிருந்து ஏதாவது ஒரு சித்தப்பா கிறிஸ்துமஸுக்கு அனுப்பியிருப்பார். பிள்ளைகள் பெரியவர்களாகி, பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போகும்போது துப்பாக்கியை யார் எடுத்துப் போவார்கள்? ஏர்போர்ட்டில் விடுவார்களா? அப்படி இவரிடம் வந்து சேர்ந்ததுதான் எல்லாம். உங்களுக்குத் தெரியாததா, நான் உங்களுக்கே பாடம் எடுக்கிறேன்.

மேல் தட்டைப் பாருங்க. ஓரமாக. இல்லை, அதற்குப் பக்கத்தில். கைப்பிடியில் ஒரு துண்டு உடைந்திருக்கிறதே.

அதுதான். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க. நான் தொட மாட்டேன். நீங்களே பிறகு எடுத்துப் பாருங்க. சாவி என்னிடம் இருக்கிறது. இத்தனை நாளில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் சாவியை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார், அதுவும் நீங்க வருகிறீங்க என்பதற்காக. "அவரு வந்தா திறந்து காட்டு. நீ மட்டும் தொடாதே" என்றார். "நீ மட்டும்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் ஒரு தடவை குப்பையில் போட்டுவிட்டேன், அதனால். அதையும் சொல்கிறேன்.

நான் பயந்தவள் இல்லை சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்வென்ட்டில் படித்தவள். ஹாஸ்டலில் ஆறு வருஷம் இருந்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள் ரூபர்ட் அங்கிள் வந்தார். காலனிக்கு வெளியே சொந்த வீடு அவருக்கு. மனைவி தவறிவிட்டார், மகள் பெர்த்தில். வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போகப்போகிறார். ஷூ டப்பா ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார், உள்ளே ஏதோ குருவிக்குஞ்சு இருக்கிற மாதிரி. இதோ, இதே மேஜையில்தான் வைத்தார். "பரணி, இத விக்கலை மேன். இத நீ வச்சுக்கோ. நீ சுடமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். நான் ஆதிரைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது வாய் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, காது எங்கே தெரியப்போகிறது.

அந்தத் துப்பாக்கி ரூபர்ட் அங்கிளுக்குத்தான் வந்ததாம். ஆனால் தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். மேவிஸ். ஏழு வயசு. அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லாம் பையன்கள், இவள் ஒருத்திதான் பெண். ஆனாலும் ஷெரீஃப், கௌபாய் ஊர்ப் போலீஸ், இவள்தான். மற்றவன் எவனாவது ஷெரீஃப் என்று சொன்னால் கடித்துவிடுவாளாம்.

அவர்கள் அப்பா ஷண்டிங் எஞ்சின் ஓட்டினார். யார்டுக்குள்ளேயே பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் மாற்றிப் போடுகிற எஞ்சின். அப்போது கரி எஞ்சின்தான். இதோ, நம் பின்பக்கத்து வேலிக்கு அப்பால் ஒரு வளைவு தெரிகிறதே, எழுந்திருக்க வேண்டாம், ஜன்னலிலேயே தெரியும், அந்த வளைவில் எஞ்சின் மெதுவாகத்தான் வரும். சாயங்காலமானால் மேவிஸ் இடுப்பில் உறையைக் கட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பாள். எஞ்சின் வந்ததும் துப்பாக்கியை நீட்டி, "ஹேண்ட்ஸ் அப்!" அப்பா பயந்து நடுங்குகிற மாதிரி இரண்டு கையையும் தூக்குவார். ஃபயர்மேனும் தூக்குவார், கையில் கரி அள்ளுகிற ஷவலோடு. தூக்கிவிட்டால் மேவிஸ் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி. டப். அவ்வளவுதான், எஞ்சின் போகலாம். அவளும் வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். தினமும் இது. மழையில்கூட. கையைத் தூக்கும்வரை நகரக் கூடாது, அது ஷெரீஃப் சட்டம்.

ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். எஞ்சினை வேறு ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர். அவருக்கு இந்த விளையாட்டு தெரியாது.

அவர் கையைத் தூக்கவில்லை சார்.

அந்தக் குழந்தை கத்திப் பார்த்திருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கிட்டே போனால் தூக்குவார் என்று கிட்டே போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே. ரூபர்ட் அங்கிள் வேலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். "She was waiting for his hands" என்று இங்கிலீஷில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல அவருக்கு வரவில்லை.

டீயைக் குடிங்க சார், ஆறிவிடும்.

அன்றைக்கு அவள் சுடவேயில்லை. உள்ளே சுருள் வெடி இருக்கும் இல்லையா, சிவப்புக் காகிதத்தில் மருந்துப் பொட்டு வைத்து, அந்தச் சுருள் அப்படியே இருக்கிறது. ரூபர்ட் அங்கிள் கொடுத்த அன்றைக்கு இவர் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தார். காகிதம் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. வெடித்த பொட்டெல்லாம் கறுப்பாக, ஓட்டையாக. அதற்கு அடுத்த பொட்டு முழுசாக இருக்கிறது. சுத்தியலுக்கு நேர் கீழே. எடுத்துவிடுங்க என்றேன். சேகரிக்கிற உங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டாமே, எப்படிக் கிடைத்ததோ அப்படியே வைக்க வேண்டும், பாதி சுட்ட சுருளாக இருந்தாலும் உருவக் கூடாது என்று. "அது அவளோடது. நாம எடுக்கக் கூடாது" என்றார். அவளோடது! அவளுடையது என்றால் அவள் கேட்டு வருவாளா மாட்டாளா, நீங்களே சொல்லுங்க.

ரூபர்ட் அங்கிள் போகும்போது இன்னொன்றும் சொன்னார். அவர் அப்பா அதற்குப் பிறகும் அதே எஞ்சினைத்தான் ஓட்டினாராம். அந்த வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்குவாராம். ரிட்டயர் ஆகிறவரைக்கும். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை சார். நான் ஆதிரையைப் பார்த்தேன். இட்லியை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அந்த ஷூ டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் முழுங்கு. இல்லேன்னா மேவிஸ் அக்கா வந்து உன் தட்டை எடுத்துட்டுப் போயிடுவா" என்றேன். முழுங்கிவிட்டாள் சார். ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆக்குகிற பிள்ளை, மளமளவென்று. அதற்கப்புறம் சாப்பாட்டுப் பிரச்சனையே இல்லை. தலை பின்ன உட்கார மாட்டேன் என்றால் மேவிஸ் அக்கா. மத்தியானம் தூங்க மாட்டேன் என்றால், "கண்ணை மூடு, அக்கா ஜன்னல்ல நின்னு பார்க்கிறா." அலமாரிப் பக்கம் போனால், "தொடாதே, அது அக்காவோடது." எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தானே. எங்களையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஹாஸ்டலில் பின்னால் ஒரு கிணறு. அதில் விழுந்த பெண் ஒருத்தி, பிரேயர் சொல்லாமல் படுக்கிறவர்களின் கால்மாட்டில் ஈரத்தோடு வந்து உட்காருவாள் என்று வார்டன் சிஸ்டர் சொல்வார். அதனால் எங்களுக்கு என்ன கெட்டுவிட்டது? ஒழுங்காகப் பிரேயர் சொன்னோம். நான் இன்றைக்கும் குளிக்கும்போது கதவைத் தாழ் போடுவதில்லை, காலை மடக்கித்தான் தூங்குவேன். அது வேறு விஷயம்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ஆதிரை பழனாத்தாளைப் பார்த்து விரலை நீட்டினாள். "கையத் தூக்கு." பழனாத்தாள், "அடியாத்தீ, போலீஸு வந்துருச்சே" என்று கேனை வைத்துவிட்டுத் தூக்கினாள். இவள் விரலை மேலே காட்டி, டப் என்றாள். பிறகு போகலாம் என்று தலையாட்டினாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சத்தியமாக ஆதிரையிடம் அந்த விளையாட்டைச் சொன்னதில்லை சார். மற்றவர்களிடம்தான் சொன்னேன். பழனாத்தாளிடம் சொன்னேன், இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றபடி. எங்கம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன், இவள் என் மடியில் இருந்தாள். ப்ளே ஸ்கூல் வாசலில் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற அம்மாக்களிடம் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் பேச்சில் அக்கா வர ஆரம்பித்தாள். "அக்கா சட்டையில கரி இருக்கும்மா." "அக்காவுக்கு அவங்கப்பா எழுந்து வரலைன்னு கோபம்." கரி எஞ்சின் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்குக் காய்ச்சல் என்று யார் சொன்னது? ஒருநாள் தட்டில் ஒரு தோசையை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். "இது அக்காவுக்கு. அவளுக்குப் பசிச்சாதான் என் தட்டை எடுப்பா. இத குடுத்தா எடுக்க மாட்டா" என்றாள்.

சர்ச்சில் ஃபாதரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இந்துதான், ஆனால் பயம் வந்தால் எனக்கு வாயில் அருள்நிறை மரியேதான் முதலில் வருகிறது. முழுக்கதையையும் அவரிடம் சொன்னேன். ஆதிரை பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஃபாதர் அவள் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டு, "வெளியில விளையாட விடும்மா. நீயும் கொஞ்சம் அவளோட விளையாடு" என்றார். கறுப்புக் கயிறு கட்டுகிறவரிடம் போனேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்தான் சரியாகச் சொன்னார், "பொருள் வீட்டை விட்டுப் போகோணும்" என்று.

இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "நீ நாள் பூரா அந்தப் பொண்ணப் பத்தியே பேசிட்டிருக்க. கொஞ்ச நாள் வாய மூடு. எல்லாம் சரியாயிடும்." நான்! நானா சார் அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்?

இருங்க, அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்குப் புரியும்.

போன மாசம். சமையலறையில் குக்கர் சத்தம். பின்கதவு சாத்தியிருந்தது என்றுதான் நினைத்தேன். ஆதிரையின் சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. வெளியே வந்தால் வேலியில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், புல்லுக்கு நடுவில், இவளுடைய மஞ்சள் கவுன். வளைவில் ஷண்டிங் எஞ்சின் வருகிறது. இப்போது டீசல்தான். ஹாரன் அடிக்கிறது. இவள் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

எனக்குக் கால் வரவில்லை சார். அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். என் பிள்ளை நடக்கிற மாதிரி இல்லை அது, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, காலை அகட்டி. இன்னும் ஒரு அடி. எஞ்சின் நின்றுவிட்டது. தூரத்திலேயே நிறுத்திவிட்டார் அந்த டிரைவர். சின்னப் பையன், புதுசு போல. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். இவள் விரலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார்.

டப் என்றாள் இவள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவரு நல்லவரும்மா. தூக்கிட்டாரு."

தூக்காமல் இருந்திருந்தால்?

அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டார்கள். தூக்காத ஒருத்தனை அவள் எப்போது பார்ப்பாள், அப்போது எவ்வளவு கிட்டே போவாள்? அதற்காகத்தான் நான் தூக்குவதில்லை. அவள் என் முன்னால் வந்து விரலை நீட்டுவாள். நான் அசைய மாட்டேன். கிட்டே வருவாள். இன்னும் கிட்டே வருவாள். என் வயிற்றில் அவள் விரல் படும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், பால் பொங்கி வழிகிறவரைக்கும் நின்றிருக்கிறாள். நான் தூக்க மாட்டேன். பிறகு அவளே அழுதுகொண்டு போய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே யாருடனோ பேசுவாள், மெதுவாக. பயந்தவளாக இருந்தால் என்னால் அப்படி நிற்க முடியுமா சார்?

அவள் எஞ்சின் முன்னால் நின்ற அன்றைக்கே துப்பாக்கியை எடுத்து, காய்கறித் தோலுக்கு நடுவில் வைத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். இவர் ஷிப்ட் முடிந்து வந்து, அலமாரியைப் பார்த்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் சைக்கிளில் குப்பைக்கிடங்குக்குப் போனார். இருட்டின பிறகுதான் வந்தார், உடம்பெல்லாம் நாற்றம், கையில் துப்பாக்கி. ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. பஞ்சுக் குச்சியால் அதைத் துடைத்துக்கொண்டே, "ரூபர்ட் அங்கிள் என்னை நம்பிக் குடுத்தாரு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் வேலிக் கம்பியை இறுக்கினார். பின்கதவுக்கு மேல்தாழ் போட்டார். அலமாரிக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். பூட்டினால் போய்விடுமா சார்?

அதனால்தான் கேட்கிறேன். நீங்க அதை எடுத்துக்கொண்டு போய்விடுங்க.

இல்லை, கேளுங்க. நீங்க ஆசைப்பட்டதுதானே. போனில் என் காதாலேயே கேட்டேன், "அத மட்டும் குடுங்க பரணி, என்கிட்ட இருக்கிற ஜோடித் துப்பாக்கியவே தர்றேன்" என்றீங்க. கொடுக்க மாட்டேன் என்றார். இப்போது நான் கொடுக்கிறேன். ஜோடியைத் தபாலில் அனுப்பிவிடுங்க, அவருக்கும் மனசு ஆறிவிடும். அந்த ஜோடியை வைத்திருந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா? விசாரித்தீங்களா? விசாரித்துவிட்டு அனுப்புங்க.

அவரைக் கேட்க வேண்டாமா என்றா? கேட்டால் தருவாரா? நான் சொல்லிக்கொள்கிறேன் சார். இரண்டு நாள் பேச மாட்டார், மூன்றாவது நாள் ரசம் வைத்தால் பேசுவார். இது என் பிள்ளை சார். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இரண்டு பெண்களா? அப்புறம் என்ன. ஆனால் அவர்கள் கையில் இதைக் கொடுக்காதீங்க.

இந்தாங்க சாவி. திறங்க. கையுறை அந்த இழுப்பறையில் இருக்கிறது.

கனமாக இருக்கிறதா? எனக்கும் அன்றைக்குக் கனமாகத்தான் இருந்தது. மூடியைத் திறக்காதீங்க, சார், வேண்டாம் என்கிறேன் இல்லையா. சரி, பார்த்துவிட்டீங்க. இருக்கிறதா அந்தப் பொட்டு? வெடிக்காதுதானே? இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு மருந்து நமுத்துப்போயிருக்கும் என்று இவர் சொன்னார். அப்புறம் ஏன் சுத்தியலுக்கு அடியில் விரலை வைத்துப் பிடித்துக்கொள்கிறீங்க?

பையில் வைங்க. துணியைச் சுற்றி வைங்க. அடியில். அதற்கு மேல் உங்கள் சட்டையை வைங்க. ஜிப்பை நன்றாக இழுத்து மூடுங்க. இன்னொன்று சார், தயவுசெய்து ரயிலில் போகாதீங்க. அந்த வளைவைத் தாண்டித்தான் எல்லா ரயிலும் போகிறது. இங்கிருந்தே ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்க. சேலம் வழியாக நிறைய பஸ் இருக்கிறது. கிளம்புங்க. நேரமாகிவிட்டது.

அய்யோ, எதற்கு இப்போ அழற? ஆதிரை. அது உன் பொம்மை இல்லையே. சார் காலை விடு. விடும்மா. அது சாரோடது, அவர் எடுத்துட்டுப் போறாரு. அக்காவும் போறா. ஆமா, இனிமே வர மாட்டா. ஏன் இப்படிக் கத்துற, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குது. நிறுத்து. நிறுத்துறியா இல்லையா? இப்போ நிறுத்தலேன்னா இந்த சார் உன்னையும் அந்தப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிடுவாரு. ஆமா, பெங்களூருக்கு. பிள்ளை பிடிக்கத்தான் வந்திருக்காரு.

பார்த்தீங்களா, நின்றுவிட்டது. கோபித்துக்கொள்ளாதீங்க சார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பிள்ளைகளை வேறு எப்படி அடக்குவது? உங்கள் வீட்டில் என்ன சொல்வீங்க?

என்ன ஆதிரை? என்ன கேக்குற, சத்தமா சொல்லு. மேவிஸ் அக்காவை உள்ள போட்டாச்சா என்று கேட்கிறாள் சார். ஆமா கண்ணு, போட்டாச்சு. நல்லா மூடியாச்சு.

என்ன?

மூச்சு முட்டுமாம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்கிறாள்.

இல்லைம்மா, முட்டாது. அக்காவுக்கெல்லாம் மூச்சு...

சார்? சார், நீங்க ஏன் ஜிப்பைத் திறக்கிறீங்க?